பச்சைத் தண்ணீர்

"காலம் தீர்மானிக்கும்" என்பது நம் விமர்சனத்தில் யாரும் கேள்வி கேட்காமல் புழங்கவிட்டிருக்கும் வாக்கியங்களில் ஒன்று. ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அபிப்பிராயம் சொல்லத் தயக்கமாக இருந்தால் பாரத்தைக் காலத்தின் மேல் இறக்கி வைத்துவிடலாம். காலம் மறுப்புக் கடிதம் எழுதாது. ஸாமுவேல் ஜான்ஸன் 1765ல் தம் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ஒரு நூற்றாண்டு நிலைத்து நிற்பதை இலக்கியத் தகுதிக்கு வழக்கமான அளவாகச் சொல்கிறார். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் பலரும் அதைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருப்பார்கள். நானும் போட்டவன்தான். நல்லது நிற்கும், நின்றது நல்லது. இந்த இரண்டும் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் விழுவதில்லை.

மூன்று வருஷமாக வீட்டில் கடல் மீன் குஞ்சு வளர்த்துப் பார்த்ததில் எனக்கு இந்த வாக்கியத்தின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. எப்படிப் போயிற்று என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இலக்கியத்துக்கு மீனை உவமையாக்குவது என் நோக்கமில்லை. மீனைப் பற்றியே நிறையச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோமாளி மீன் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். கடைக்காரர்களுக்கு அது க்ளவுன். 2003ல் வந்த அந்தக் கார்ட்டூன் சினிமாவுக்குப் பிறகு குழந்தைகளுக்கு நீமோ. ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை, கறுப்புக் கரை கட்டினாற்போல. என்னிடமுள்ள ஜாதி அந்தமானிலிருந்து கிழக்கே இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை வரை பவளத்திட்டுகளில் கடல் சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கு நடுவே வாழ்வது. ஓசூரோ கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலைப் பார்க்கச் சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும். டிசம்பர் ராத்திரிகளில் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க முடியாத குளிர். ஊரில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். வங்கிக் கவுன்ட்டரில் ஒரு மணி நேரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வசவு கேட்கலாம். அந்த வகையில் மீன் ஊருக்குப் பொருந்தாததல்ல. வடிகட்டிய தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஹீட்டர் போட்டு 27 டிகிரியில் நிறுத்தினால் அதற்குக் கடல் கிடைத்துவிடுகிறது.

கடல் மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது எங்கள் தெருவுக்குத்தான் வினோதம், தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தார், மன்னார் வளைகுடாவிலேயே கிடைக்கும் செபே என்ற கோமாளி மீனை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குஞ்சு பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டினார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் பல வகைக் கோமாளி மீன்களை வளர்த்தெடுத்தது. அமெரிக்காவில் மார்ட்டின் மோ என்பவர் 1970களின் ஆரம்பத்திலேயே இதைச் செய்து, 1982ல் கடல் மீன் தொட்டி பற்றி ஒரு கைநூலும் எழுதினார். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன் ஒவ்வொன்றும் பவளத்திட்டிலிருந்து பிடிக்கப்படாத ஒரு மீன். இந்தக் காரியத்தின் பொருள் அதுதான். என் ஜோடியும் தொட்டியில் பிறந்ததே. அதற்குக் கடலும் தெரியாது, சாமந்தியும் தெரியாது. ஒரு நாட்டு ஓட்டைச் சாய்த்து வைத்தேன். அதன் உட்புறத்தில் முட்டையிட்டது.

முட்டை இருநூறிலிருந்து முந்நூறு வரை இருக்கும். முதலில் ஆரஞ்சு நிறம், பிறகு கறுத்து, கடைசி நாளில் ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளி மினுங்கும் இரண்டு கண். ஆண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். வெளுத்துச் செத்த முட்டையை வாயால் கவ்வி எடுத்துத் தின்றுவிடும். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, விளக்கணைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில், இருட்டில் பொரியும். நான் அன்று சாயங்காலமே ஓட்டை எடுத்து வேறு தொட்டியில் வைத்து, ஆணின் துடுப்புக்குப் பதிலாகக் காற்றுக் குமிழி விடுகிறேன். பொரித்த குஞ்சு நாலு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடித் துணுக்கில் இரண்டு கண் ஒட்டினாற்போல் இருக்கும். கரு உணவு ஒரு நாளைக்குத்தான் தாங்கும். அதற்குள் அதன் வாய்க்குள் போகும் அளவில் உயிருள்ள இரை முட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேடிப் போய்த் தின்னும் திராணி அதற்கில்லை. எதிர்ப்பட்டால் தின்னும், அவ்வளவுதான்.

அந்த இரை ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மில்லி தண்ணீரில் பத்தாவது இருக்க வேண்டும். இருபது லிட்டர் தொட்டிக்கு இரண்டு லட்சம். இதை நான் குழந்தைகளின் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக எண்ணுகிறேன். பகலெல்லாம் நோட்டு எண்ணியவன் இரவில் ரோட்டிஃபர் எண்ணுகிறான் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. ரோட்டிஃபர் உயிரோடிருக்க அதற்கும் இரை வேண்டும். அது நானோகுளோராப்சிஸ் என்ற ஒற்றைச் செல் பாசி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் அளவு. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் தண்ணீர் பச்சையாகும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே பச்சைத் தண்ணீர். நம் வீடுகளில் பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத, வெறும், ஒன்றுமில்லாத தண்ணீர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என் வீட்டு ஜன்னலில் வரிசையாக நிற்கும் புட்டிகளிலும் ஒன்றுமில்லைதான்.

பாசிக்கு உரம் வேண்டும். ஓசூரைச் சுற்றி ரோஜா பயிரிடுகிறவர்கள் அதிகமென்பதால் உரக்கடைக்குப் பஞ்சமில்லை. அமோனியம் ஸல்ஃபேட், சூப்பர் பாஸ்பேட், யூரியா மூன்றிலும் நூறு நூறு கிராம் கேட்டேன். கடைக்காரர், "எத்தனை ஏக்கரா சார்?" என்றார். நாலு புட்டி என்றேன். காசு வாங்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஆக, மீன் குஞ்சு வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறவன் உண்மையில் மீன் குஞ்சை வளர்ப்பதில்லை. உரத்தில் பாசியையும் பாசியில் ரோட்டிஃபரையும் வளர்க்கிறான். மீன் அந்த வரிசையின் கடைசியில், அவன் கைக்கு எட்டாத இடத்தில், வளர்ந்தால் வளர்கிறது. என் மனைவி இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்: "ஏங்க, இதுங்க சாப்பிடறதைவிட இதுங்களோட சாப்பாடு சாப்பிடறதுதான் ஜாஸ்தியா இருக்கு."

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் நடந்தது இது. ஒரே இரவில் பொரித்த குஞ்சுகள் இருநூற்று நாற்பதுக்குக் குறையாது. ஒரே தொட்டியில் விட்டால் நெருக்கம். டார்ச் வெளிச்சத்துக்கு அவை கூடி வரும். கோப்பையால் மொண்டு மொண்டு இரண்டு தொட்டிகளில் சமமாகப் பிரித்தேன். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஓடு, ஒரே இரவு. தண்ணீரும் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்ததுதான். ஆனால் அந்த வாரம் தொடர்ந்து மேகமூட்டம், மின்வெட்டு. ரோட்டிஃபர் சரிந்து, கையிலிருந்தது ஒரு தொட்டிக்குத்தான் போதும். இரண்டிலும் பாதிப் பாதி விட்டால் இரண்டும் போகும். ஜன்னலோரத் தொட்டி கை எட்டும் தூரத்தில் இருந்தது. அதற்கு முழுமையாகக் கொடுத்தேன். மற்றதற்கு மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை மற்றது காலி. ஜன்னலோரத்தில் பன்னிரண்டாம் நாள் ஐம்பத்திரண்டு குஞ்சுகள். தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை விழுந்து, அடிமட்டத்துக்கு இறங்கி, மீன் என்று சொல்லத்தக்க மீனாக.

அந்த ஐம்பத்திரண்டைப் பார்க்க வந்த நண்பர், "பிழைச்சதெல்லாம் நல்ல ஸ்ட்ராங்கான குஞ்சு போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. காலியான தொட்டியிலிருந்த நூற்று இருபதில் எது பலவீனமானது? கை எட்டாத தூரத்தில் இருந்ததைத் தவிர அவற்றிடம் என்ன குறை? ஐம்பத்திரண்டின் "தகுதி" அவற்றின் உடம்பில் இல்லை, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடத்தில் இருந்தது. பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டால் இது யாருக்கும் தெரிவதில்லை. உயிரோடிருப்பவை மட்டுமே சாட்சி சொல்ல வருகின்றன. அவை எப்போதும் தம் பக்கமே சொல்லும்.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு கிருஷ்ணகிரியில் ஒரு கூட்டத்தில் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. சிப்காட்டில் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். நாலு இதழோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் பதினோரு கவிதைகள் எழுதினார். இயந்திரத்தின் முன்னால் நிற்பவனின் கால்வலியைத் தவிர வேறெதையும் பற்றி அவர் எழுதவில்லை. கோஷமும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. பத்திரிகை நின்றது, அவரும் நின்றார். கூட்டத்தில் ஒரு மூத்த எழுத்தாளர், "நல்ல கவிஞனா இருந்தா நின்னிருப்பானே ஐயா. காலம் சலிச்சு எடுத்திடும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அந்த வாக்கியத்தை மறுக்க நம்மிடம் பழக்கமில்லை.

அந்தக் கவிஞர் இப்போது ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறார். நகைக் கடனைப் புதுப்பிக்க என் கவுன்ட்டருக்கு வருவார். எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "யாருக்கு சார்?" என்றார். அதில் கசப்பு இல்லை. விலாசம் கேட்கிறமாதிரிக் கேட்டார். அவருக்குத் திறமை வற்றிப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதிய அன்றே எதிர்ப்பட்டு முட்ட வேண்டிய ஒன்று, நாலு வாசகர்கள், ஒரு ஆசிரியரின் கடிதம், அடுத்த இதழ் வரும் என்ற நம்பிக்கை, அவருக்கு ஐந்தாம் நாள் கிடைக்கவில்லை.

காலம் சலிக்கிறதா என்பதற்கு நம்மிடம் இன்னும் பழைய சாட்சியம் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் பத்துப் பத்துகள் இருந்திருக்க வேண்டும். முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. 1904ல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது கையிலிருந்தவை எட்டுதான். காணாமற்போன இருபது பாடல்கள் மற்ற எண்பதைவிட மட்டமானவை என்று சொல்ல யாராவது துணிவார்களா? கட்டின் மேலேயும் கீழேயும் இருக்கிற ஏடுகள் முதலில் சிதையும். அங்கே தரம் பார்த்தது கரையான். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் இல்லை. மிச்சமிருப்பவை நின்றதற்கும் காரணம் அவற்றின் அருமை மட்டுமல்ல. ஓலை நைந்துபோகும் முன் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர், பெயர் தெரியாதவர், உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். அவர் அருமையை உணர்ந்து எழுதினாரா, கூலிக்கு எழுதினாரா என்பதுகூட முக்கியமில்லை. எழுதினார். காலம் என்று நாம் சொல்வது அந்தக் கைதான்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா, தரம் என்று ஒன்றில்லையா, க.நா.சு. பட்டியல் போட்டதெல்லாம் வீண் வேலையா என்று கேட்பார்கள். இல்லை. என் ஐம்பத்திரண்டிலும் தரம் இருந்தது. பதினைந்து நாளுக்குப் பிறகு கண்ணுக்கே தெரிந்தது. செவுள் மூடி சரியாக வளராதவை இருந்தன. தாடை கோணியவை, பட்டை பாதியில் நின்றவை, கலங்கியவை இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும், பார்த்ததைச் சொல்லத்தான் வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: தரம் பார்ப்பது பதினைந்தாம் நாளுக்கு மேற்பட்ட வேலை. அதை முதல் நாளுக்கு முன்தேதியிட முடியாது. செத்த முட்டையை ஆண் மீன் அகற்றுகிறதென்றால் அது செத்திருப்பதைப் பார்த்த பிறகு. விமர்சனம் தன் வேலையைச் செய்ய, உயிரோடு ஏதாவது இருக்க வேண்டும்.

நாம் தரம் பார்க்காவிட்டால் வேறொருவர் பார்ப்பார் என்பதற்கும் இந்த மீனிலேயே உதாரணம் இருக்கிறது. வெள்ளைப் பட்டை எப்போது விழும் என்பதைத் தைராய்டு ஹார்மோன் நிர்ணயிக்கிறது என்றும், குஞ்சு எந்த வகைச் சாமந்தியில் போய்த் தங்குகிறது என்பதைப் பொறுத்து அது முந்திப் பிந்தி நடக்கிறது என்றும் 2021ல் கண்டறிந்தார்கள். தொட்டியில் வளர்வனவற்றில் பட்டை பிசகியவை நிறைய வரும். இவற்றைக் குறையென்று ஒதுக்கிய காலம் போய், இன்று சந்தை இவற்றைத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்துப் பெருக்குகிறது. ஒழுங்கான மீனைப்போலப் பல மடங்கு விலை. பட்டைகள் உடைந்து ஒன்றோடொன்று கலந்த ஒரு வகைக்குச் சந்தை வைத்திருக்கும் பெயர் 'பிக்காஸோ'. நவீனத்துவத்துக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் இனி கிடைக்கப் போவதில்லை. விலை என்பதும் ஒரு விமர்சனம்தான். காரணம் சொல்லும் கடமை இல்லாத விமர்சனம்.

இன்னொரு விஷயம். கோமாளி மீன்கள் பிறக்கும்போது ஆணுமில்லை பெண்ணுமில்லை. ஒரு சாமந்தியில் உள்ளவற்றில் பெரியது பெண், இரண்டாவது ஆண், மற்றவை எதுவுமாகாமல் காத்திருப்பவை. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும், மூன்றாவது ஆணாக உயரும். ஃப்ரிக்கே தம்பதி 1977ல் இதை எழுதினார்கள். பீட்டர் பஸ்டன் 2003ல் இன்னும் ஒன்றைக் காட்டினார்: கீழே உள்ளது மேலே உள்ளதைவிடச் சிறியதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. இல்லையென்றால் விரட்டப்படும். நம் இலக்கிய உலகத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஒருவன் எவ்வளவு வளர்ந்தான் என்று அளப்பதற்கு முன் அவன் தலைக்கு மேல் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதோடு விடுகிறேன்.

சிறு பத்திரிகைகளைப் பற்றி ஓயாமல் சொல்லப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. இருநூறு பேர் தங்களுக்குள்ளேயே எழுதித் தங்களுக்குள்ளேயே படித்துக்கொள்கிறார்கள் என்பது. 'எழுத்து' 1959ல் தொடங்கி 1970ல் நின்றது வரை இதைக் கேட்டது, பின்னால் வந்தவையும் கேட்டன. கோமாளி மீன் குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு நாள் திறந்த கடலில் மிதந்து கண்காணாத இடத்துக்குப் போய்விடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பாப்புவா நியூகினியில் கிம்பே தீவைச் சுற்றியுள்ள திட்டு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. அங்கே தாய் மீன்களுக்கு ஒருவகைப் பேரியத்தை ஊசி மூலம் செலுத்தி, அதன் தடம் குஞ்சுகளின் காதெலும்பில் இருக்கிறதா என்று தேடினார்கள். 2007ல் முடிவு வெளிவந்தது. திட்டில் வந்து தங்கிய குஞ்சுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் அதே திட்டில் பிறந்தவை. கடலில் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. மீதி 40 வேறெங்கிருந்தோ வந்தவை. ஒரு சிறிய திட்டு தன்னைத் தானே நிரப்பிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 40க்கு வழி அடைபட்டால்தான் கவலைப்பட வேண்டும். ராயக்கோட்டைக்காரர் அந்த 40ஐச் சேர்ந்தவர்.

அவருடைய பதினோரு கவிதைகளையும் பழைய இதழ்களிலிருந்து கையால் பெயர்த்து எழுதி இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். கவுன்ட்டரில் சம்மதம் கேட்டபோது, "போடுங்க சார், பேரு மட்டும் வேணாம், மண்டியில சிரிப்பாங்க" என்றார். பதினொன்றில் மூன்று மிக நல்ல கவிதைகள் என்பது என் அபிப்பிராயம். நாலைந்து சுமார். மற்றவற்றை அவரே இன்று எழுதினால் வேறு மாதிரி எழுதுவார். இதை அவரிடமும் சொன்னேன். எந்த மூன்று என்று கேட்டார். சொன்னேன். அதில் ஒன்றை அவர் ஒத்துக்கொள்ளவில்லை; பின்னால் வரிசையில் நின்ற அம்மாள் சத்தம் போடும் வரை விவாதித்தார்.

பாசிப் புட்டிகளை நாலு நாளைக்கு ஒரு முறை பிரிக்க வேண்டும். பாதியை ரோட்டிஃபருக்கு ஊற்றிவிட்டு, மீதியில் புது உப்புத் தண்ணீரும் சிட்டிகை உரமும் சேர்த்து மறுபடி வெயிலில் வைக்க வேண்டும். தின்ன ஆளில்லாமல் விட்டால் பச்சை அடர்ந்து, ஒரு நாள் காலையில் பழுப்பாகி நாறும். குஞ்சு இல்லாத வாரங்களிலும் இதைச் செய்தாக வேண்டும். முட்டையைப் பார்த்த பிறகு பாசியிலிருந்து தொடங்கினால் ரோட்டிஃபர் போதுமான கணக்குக்கு வருவதற்குள் குஞ்சு செத்துவிடும். இந்த வாரம் ஓட்டில் முட்டை இல்லை. நாலு புட்டியும் பச்சையாக இருக்கின்றன. எனக்கு மாற்றல் உத்தரவு வரலாமென்று பேச்சிருப்பதால், உரக்கடைக்காரருக்கு ஒரு புட்டி கொடுத்து, பிரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.